கால்ச்சோபோலியும் யுவென்டஸின் வீழ்ச்சியும்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2006ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியச் செய்தித்தாள்கள், யுவென்டஸ் கால்பந்து அணியின் பொது இயக்குநர் லூச்சானோ மோஜ்ஜி நடுவர் நியமன அதிகாரிகளோடு பேசிய தொலைபேசி உரையாடல்களை அச்சிடத் தொடங்கின. கால்ச்சோபோலி என்று பெயர்பெற்ற விவகாரம் அது. சில வாரங்களில் நிர்வாகம் கலைந்தது. இரண்டு மாதங்களில் நாட்டின் மிகப் பெரிய அணி இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. அன்று தொடங்கிய வாதம் யுவென்டஸ் ரசிகர்களுக்குள்ளும், அவர்களுக்கும் போட்டி அணிகளான இன்டர், மிலான் ரசிகர்களுக்கும் இடையிலும் இன்னும் ஓயவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் யுவென்டஸ் ரசிகன். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நடுவர் விவகாரத்தையும் அதற்குப் பின் அணி தேய்ந்ததையும் ஒரே கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அவை இரண்டு தனிக் கதைகள் என்பது என் துணிபு.

கேள்வி: கால்ச்சோபோலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1992இல் மிலான் நகரில் வெடித்த அரசியல் ஊழல் வழக்குகளுக்கு இத்தாலியர் "தாஞ்சென்டோபோலி", அதாவது லஞ்ச நகரம், என்று பெயர் சூட்டினர். அந்தச் சொல்லின் கடைசிப் பகுதியைக் கால்பந்தைக் குறிக்கும் "கால்ச்சோ" என்பதோடு ஒட்டியதுதான் இந்தப் பெயர். தமிழில் படிக்கும்போது அதற்குள் ஒரு "போலி" ஒளிந்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் எதிரணி ரசிகர்களுக்கு அது இனிக்கும்.

கேள்வி: நடுவர்களுக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களை வாங்கினார்களா?

இல்லை. முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதுதான். 1980இல் இத்தாலியில் நடந்தது சூதாட்ட வழக்கு. வீரர்களே பணம் வாங்கிக்கொண்டு முடிவுகளை வளைத்ததாகத் தீர்ப்பாகி, மிலானும் லாட்சியோவும் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டன. 2005இல் ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்ட்ஸர் என்ற நடுவர் சூதாட்டக் கும்பலிடம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். கால்ச்சோபோலியில் எந்த நடுவருக்கும் யுவென்டஸ் பணம் கொடுத்ததாக நிரூபணமாகவில்லை. குற்றச்சாட்டின் மையம் உறவு: ஓர் அணியின் நிர்வாகி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்பவர்களோடு இரகசியமாகவும் இடைவிடாமலும் பேசிக்கொண்டிருந்தார் என்பது.

கேள்வி: உரையாடல்களில் அப்படி என்னதான் இருந்தது?

ஒட்டுக்கேட்கப்பட்டவை பெரும்பாலும் 2004-05 பருவத்தைச் சேர்ந்தவை. நடுவர்களை நியமிக்கும் பொறுப்பில் அப்போது இருவர் இருந்தனர்: பாவ்லோ பெர்காமோ, பியர்லூயிஜி பைரெட்டோ. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்வீடனின் யூர்கோர்டனுடன் சமன் செய்த பிறகு, அந்த ஆட்டத்தின் ஜெர்மானிய நடுவரைப் பற்றி மோஜ்ஜி பைரெட்டோவிடம் பொரிந்து தள்ளுகிறார். வேறு அழைப்புகளில் நடுவர்களின் பெயர்கள் அலசப்படுகின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் எந்தக் காட்சியைத் திரும்பக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதுகூடப் பேசப்படுகிறது. வழக்கமான தொலைபேசி போதாதென்று, ஒட்டுக்கேட்க முடியாத சுவிட்சர்லாந்து சிம் அட்டைகளை மோஜ்ஜி விநியோகித்தார் என்பது நேப்பிள்ஸ் அரசு வழக்கறிஞர்களின் வாதம். நம் ரசிகர்களில் பலர் மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். சிம் அட்டை என்று வந்தவுடன் பேச்சை மாற்றுவார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு வெளிநாட்டு சிம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கும் நல்ல பதில் கிடைத்ததில்லை. வீரர் விற்பனைப் பேரங்களை வேவு பார்ப்பவர்களிடமிருந்து காத்துக்கொள்ளவே அவை என்றார் மோஜ்ஜி.

கேள்வி: குலுக்கல் முறையில்தானே நடுவர் தேர்வானார்? பிறகு எப்படி வளைக்க முடியும்?

நியமன அதிகாரிகள் ஒவ்வொரு வாரமும் ஆட்டங்களையும் நடுவர்களையும் தரவாரியாகக் கட்டங்களில் அடுக்குவார்கள். முக்கிய ஆட்டங்கள் ஒரு கட்டத்தில். அவற்றுக்குத் தகுந்த நடுவர்கள் அதே கட்டத்தில். குலுக்கல் அந்தக் கட்டத்துக்குள் மட்டுமே நடக்கும். ஆகவே குலுக்கல் நேர்மையாக நடந்தாலும், கட்டத்தில் யார் இருக்கிறார் என்பதைத் தீர்மானிப்பவரின் கை ஓங்கியே இருக்கும். வேண்டாத நடுவரைக் கட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டால் அவர் பெயர் வர வழியே இல்லை. குலுக்கலிலேயே மோசடி நடந்தது என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. நம் தரப்பு இதைச் சுட்டிக்காட்டுவது நியாயம். ஆனால் கட்டத்தை அமைப்பவரோடு ஓர் அணியின் நிர்வாகி முன்கூட்டியே பேசியதுதான் வழக்கு என்பதால், இந்த விடுதலை பாதி ஆறுதலே.

கேள்வி: ஓர் ஆட்டம்கூட வளைக்கப்பட்டதாக நிரூபிக்கவில்லை என்றால் எதற்குத் தண்டனை?

வாதம் சூடேறும் இடம் இது, நியாயமாகவே சூடேறுகிறது. இத்தாலியக் கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்கு விதிகளில் அப்போது இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. முதற்பிரிவு நேர்மை, நாணயம் ஆகியவற்றை மீறுவது பற்றியது, தண்டனை இலேசானது. ஆறாம் பிரிவு, ஓர் ஆட்டத்தின் போக்கையோ முடிவையோ மாற்ற முயல்வதையும், தரவரிசையில் ஆதாயம் தேட முயல்வதையும் குற்றமாக்குவது, அணியையே கீழிறக்கலாம். செசாரே ருபெர்டோ தலைமையிலான தீர்ப்பாயம் 2006 ஜூலையில் சொன்னது இதுதான்: தனித்தனி ஆட்டங்களைத் தொடாமலே, நடுவர்களின் மனத்தில் ஒரு தரப்புச் சாய்வை வளர்ப்பதன் வழியே, தரவரிசையில் ஆதாயம் பெற முடியும், அப்படி ஒரு சூழலை உருவாக்குவதே குற்றம்.

சட்டம் படித்த யுவென்டஸ் ரசிகர்கள் இதை ஏற்பதில்லை. பல முதற்பிரிவு மீறல்களைக் கூட்டி ஓர் ஆறாம் பிரிவுக் குற்றத்தை உருவாக்க முடியாது என்பது அவர்கள் வாதம். பத்து மஞ்சள் அட்டைகளைக் கூட்டினால் ஒரு கோல் ஆகிவிடுமா என்று கேட்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு உண்டு. விதியை எழுதியவர்கள் ஒற்றை ஆட்டத்தை மனத்தில் வைத்தே எழுதினார்கள் என்பது படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் "தரவரிசையில் ஆதாயம்" என்ற தொடர் விதியிலேயே இருக்கிறது. தீர்ப்பாயம் அதை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நடுவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். தன் அடுத்த ஆட்டத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவர் யாருடைய நண்பர் என்று தெரிந்தாலே போதும், ஐயத்துக்குரிய நொடியில் விசில் எந்தப் பக்கம் ஒலிக்கும் என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட செல்வாக்கை ஒரு குறிப்பிட்ட பெனால்டியைக் காட்டி நிரூபிக்கச் சொல்வது, வெள்ளத்தில் எந்தத் துளி வீட்டை இடித்தது என்று கேட்பதைப் போன்றது.

கேள்வி: மோஜ்ஜி ஒரு நடுவரை உடைமாற்றும் அறையில் பூட்டி வைத்தார் என்பது உண்மையா?

2004 நவம்பர் 6 அன்று ரெஜ்ஜினாவிடம் யுவென்டஸ் 2-1 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மோஜ்ஜியும் அணியின் இன்னொரு நிர்வாகியான ஜிராவுடோவும் நடுவர் பாபரெஸ்தாவின் அறைக்குள் புகுந்து சத்தம் போட்டனர். பிறகு அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்ததாகத் தொலைபேசியில் பெருமையடித்தார் மோஜ்ஜி. பூட்டியது பற்றிய குற்ற வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. பூட்டிய கதை வெற்று வீம்பு என்று வைத்துக்கொண்டாலும், ஓர் அணியின் நிர்வாகி அப்படிப் பேசுவதைப் பெருமையாகக் கருதினார் என்பது மிஞ்சுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: நடுவர்களைக் கையில் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அணி அன்று தோற்றது, அதுவும் நடுவர் தனக்கு அநீதி இழைத்தார் என்று புலம்பிக்கொண்டே.

கேள்வி: எல்லா அணிகளும்தானே பேசின? யுவென்டஸை மட்டும் ஏன் குறிவைத்தார்கள்?

யுவென்டஸ் மட்டும் தண்டிக்கப்படவில்லை. மிலான், ஃபியோரென்டினா, லாட்சியோ, ரெஜ்ஜினா, அரெட்சோ ஆகியவையும் புள்ளிகளை இழந்தன. ஆனால் கேள்விக்குப் பின்னால் இருப்பது இன்டர். நேப்பிள்ஸ் விசாரணையில் மோஜ்ஜியின் தரப்பு வழக்கறிஞர்கள், முதலில் கணக்கில் எடுக்கப்படாத பல அழைப்புகளை வெளியே கொண்டுவந்தனர். அவற்றில் இன்டரின் தலைவர் ஃபக்கெட்டி நியமன அதிகாரிகளோடு பேசியவையும் இருந்தன. சங்கத்தின் வழக்கறிஞர் ஸ்டெஃபானோ பலாட்சி 2011 ஜூலையில் அளித்த அறிக்கையில், இன்டரின் நடத்தையும் ஆறாம் பிரிவுக்குள் வரக்கூடியது, ஆனால் காலவரம்பு கடந்துவிட்டது என்று எழுதினார். ஃபக்கெட்டி 2006 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். தனக்காக வாதாடும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவரைப் பற்றிய தீர்ப்பை யாரும் உரத்துச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அழைப்புகள் அனைத்தும் 2006இலேயே மேசைக்கு வந்திருந்தால் அந்தக் கோடையில் வேறு முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும் என்று நம் ரசிகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: யுவென்டஸின் வழக்கறிஞரே தண்டனையை ஒப்புக்கொண்டாராமே?

ஆம். ஏற்கத்தக்க தண்டனை எது என்று கேட்டபோது, புள்ளிக் குறைப்போடு சீரி பி, அதாவது இரண்டாம் நிலை லீக், என்று செசாரே ட்சாக்கோனே பதில் சொன்னார். சங்கத்தின் வழக்கறிஞர் அதற்கும் கீழான லீக்கைக் கேட்டிருந்த வேளையில் அது தற்காப்பு உத்தி. ரசிகர்கள் பலர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அணி நிர்வாகம் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணத்தையும் கைவிட்டது. வழக்கு இழுத்துக்கொண்டு போனால் லீக்கே தொடங்க முடியாமல் போகும் நிலை இருந்ததால், சர்வதேச அமைப்புகளின் அழுத்தமும் கடுமையாக இருந்தது.

கேள்வி: கடைசியில் தண்டனை எவ்வளவு?

முதல் தீர்ப்பில் யுவென்டஸுக்குச் சீரி பியும் 30 புள்ளிக் குறைப்பும், மேல்முறையீட்டில் 17, இத்தாலிய ஒலிம்பிக் குழுவின் சமரச மன்றத்தில் 9. ஃபியோரென்டினாவும் லாட்சியோவும் முதலில் கீழிறக்கப்பட்டு, மேல்முறையீட்டில் முதல் நிலை லீக்கான சீரி ஆவுக்கே திரும்பி, முறையே 15, 3 புள்ளிகளை இழந்தன. மிலானுக்கு 8. முந்தைய பருவத்தில் 30 புள்ளிகள் பறிக்கப்பட்டும் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆட அனுமதி பெற்ற மிலான், 2007 மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று அந்தக் கோப்பையையே தூக்கியது. யுவென்டஸ் ரசிகனுக்கு உறுத்துவது இன்டரின் பட்டம் என்பார்கள். எனக்கு உறுத்தியது இதுதான்.

கேள்வி: 2006 பட்டத்தை இன்டருக்குக் கொடுத்தது சரியா?

என் கருத்தில் தவறு. களத்தில் யுவென்டஸ் 91 புள்ளிகள், மிலான் 88, இன்டர் 76. முதலிரு அணிகளும் தண்டிக்கப்பட்டதால் மூன்றாவது அணி பட்டம் பெற்றது. 2004-05 பட்டம் யாருக்கும் கொடுக்கப்படாமல் காலியாக விடப்பட்டது. அடுத்ததையும் அப்படியே விட்டிருக்கலாம். விசாரணையின் உரையாடல்கள் 2004-05 பருவத்தவை. 2005-06 ஆட்டங்கள் எதுவும் ஆராயப்படவில்லை. முடிவெடுத்த சிறப்பு ஆணையர் குயிடோ ரோஸ்ஸி முன்பு இன்டரின் இயக்குநர் குழுவில் இருந்தவர். அவர் நேர்மையாகவே முடிவெடுத்திருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு இடம் தரும் உறவுகளே குற்றம் என்று தீர்ப்பெழுதிய ஒரு கோடையில், அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது பொருத்தமில்லை.

கேள்வி: மோஜ்ஜியை நீதிமன்றம் விடுவித்துவிட்டது என்கிறார்களே?

விடுவிக்கவில்லை, வழக்கு காலாவதியானது. நேப்பிள்ஸ் நீதிமன்றம் 2011 நவம்பரில் 5 ஆண்டு 4 மாதச் சிறை விதித்தது. 2013இல் மேல்முறையீட்டில் அது 2 ஆண்டு 4 மாதமாகக் குறைந்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விளையாட்டு மோசடி பற்றிய இரண்டு குற்றச்சாட்டுகளில் அவரை விடுவித்து, முக்கியக் குற்றச்சாட்டான கூட்டுச் சதி காலவரம்பைக் கடந்துவிட்டது என்று முடித்தது. கால்பந்துச் சங்கம் விதித்த வாழ்நாள் தடை நீடித்தது. நடுவர் மாசிமோ டி சாண்டிஸ் காலவரம்புச் சலுகை வேண்டாம் என்று துறந்து தீர்ப்பைக் கேட்டார், தண்டனை உறுதியானது. தன் குற்றமின்மையில் நம்பிக்கை வைத்து அப்படி நின்றவருக்கு அது நேர்ந்ததை நினைத்தால், அவர் மீது ஒரு மரியாதை வராமல் இல்லை.

கேள்வி: அணியின் வீழ்ச்சிக்குக் காரணம் அந்தத் தண்டனைதானே?

முதல் ஓராண்டுக்கு ஆம். அதற்குமேல் அதைக் காரணம் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இரு அணிகளிலுமாகக் களமிறங்கிய யுவென்டஸ் வீரர்கள் 8 பேர். சில வாரங்களில் கன்னவாரோவும் எமர்சனும் ரியல் மாட்ரிட்டுக்கும், துராமும் ட்சம்புரோட்டாவும் பார்சிலோனாவுக்கும், இப்ராஹிமோவிச்சும் வியெராவும் இன்டருக்கும் போனார்கள். பயிற்சியாளர் கபெல்லோவும் போனார். இது தண்டனையின் நேரடி விளைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் புஃபோன், டெல் பியெரோ, நெத்வெத், த்ரெஸெகே, கமொரனேசி ஆகியோர் தங்கினார்கள். தெஷாம்ப்ஸின் பயிற்சியில் 9 புள்ளிகள் பின்தங்கித் தொடங்கியும் சீரி பியில் முதலிடம் பிடித்தோம். திரும்பி வந்த முதல் பருவத்திலேயே ரனியேரியின் கீழ் மூன்றாமிடம். டெல் பியெரோ 21 கோல்களோடு லீக்கின் முதல்வர், த்ரெஸெகே 20 கோல்களோடு அடுத்தவர். மறு பருவம் இரண்டாமிடம். தண்டனை அணியை அழித்திருந்தால் இந்த வரிசை ஏறுமுகமாக இருந்திருக்காது.

சரிவு அதன் பிறகே வந்தது, அதை வரவழைத்தது நாமே. 2009இல் இரண்டே ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது ரனியேரியை நீக்கிவிட்டு, முதன்மைப் பயிற்சியாளராக அனுபவமே இல்லாத சிரோ ஃபெர்ராராவிடம் அணியை ஒப்படைத்தார்கள். தியேகோ, ஃபெலிபே மெலோ என்று இருவரைப் பெரும் விலைக்கு வாங்கினார்கள். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் அவர்களை வைத்து எப்படி ஆடுவது என்ற திட்டம் நிர்வாகத்திடம் இல்லை. கன்னவாரோவை வயது ஏறிய பிறகு திரும்ப அழைத்தார்கள். டிசம்பரில் சொந்த ஊரான டூரினிலேயே ஜெர்மனியின் பயர்னிடம் 4-1 தோற்றுச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறினோம். மார்ச்சில் யூரோப்பா லீக்கின் இரண்டு ஆட்ட மோதலில் முதல் ஆட்டத்தை 3-1 என்று வென்றுவிட்டு லண்டனில் ஃபுல்ஹாமிடம் 4-1 தோற்றோம். அந்த இரவை நேரலையில் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. லீக்கில் ஏழாமிடம். அடுத்த பருவம் டெல்னேரியின் கீழ் மீண்டும் ஏழாமிடம். இந்த இரண்டு ஏழாமிடங்களில் எந்த நடுவருக்கும் தீர்ப்பாயத்துக்கும் பங்கில்லை. மோஜ்ஜி போனபோது அணிக்குள் ஆட்டக்காரனை எடைபோடும் கண்ணும் போய்விட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் கணக்கு வழக்குகளை நன்றாகப் பார்த்தார்கள், கால்பந்தைப் பார்க்கவில்லை.

கேள்வி: பிறகு எப்படி எழுந்தது?

2010இல் அந்த்ரேயா அன்யெல்லி தலைவரானார், மரோட்டா நிர்வாகத்துக்கு வந்தார், 2011 செப்டம்பரில் சொந்த அரங்கம் திறந்தது, கோன்டே பயிற்சியாளரானார். முதல் பருவத்திலேயே லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம். 2020 வரை தொடர்ந்து ஒன்பது பட்டங்கள். இந்தக் கோன்டே, நாம் சீரி பியில் இருந்த 2006-07இல், அதே விவகாரத்தில் 6 புள்ளிகளை இழந்த அரெட்சோவின் பயிற்சியாளர். நாம் மேலே ஏறியதை உறுதிசெய்த 5-1 வெற்றி அவருடைய அணிக்கு எதிராகத்தான். அந்தப் பருவ முடிவில் அவருடைய அணி இன்னும் கீழே இறங்கியது.

கேள்வி: யுவென்டஸின் பட்டங்களை எப்படி எண்ணுவது?

பதிவேட்டில், பறிக்கப்பட்ட 2004-05, 2005-06 பட்டங்கள் இரண்டும் இல்லை. அணி நிர்வாகம் அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. 2012-13 சட்டையில் "களத்தில் 30" என்று அச்சிட்டது. சங்கத்திடம் 443 மில்லியன் யூரோ இழப்பீடு கேட்டு வழக்கும் போட்டுத் தோற்றது. நான் இரண்டு எண்ணையும் சொல்வேன், எது எது என்று விளக்கி.

கேள்வி: 2020க்குப் பிந்தைய சரிவும் இதன் தொடர்ச்சிதானா?

நடுவர்களோடு தொடர்புடையதன்று, ஆனால் குடும்பச் சாயல் இருக்கிறது. வீரர் விற்பனை இலாபக் கணக்குகளை ஊதிக் காட்டியதாக எழுந்த விசாரணையால் 2022 நவம்பரில் இயக்குநர் குழு மொத்தமாக விலகியது. 2023இல் முதலில் 15 புள்ளிகள் பறிக்கப்பட்டன, பிறகு திரும்பத் தரப்பட்டன, கடைசியில் 10 என்று நின்றது, மறுபடியும் ஏழாமிடம். களத்தில் அணி தேயத் தொடங்கியதோ அதற்கு முன்பே, 2020-21இல் நான்காமிடத்தோடு. இப்போதும் ரசிகர்கள் பாதிப் பேர் தீர்ப்பாயத்தைத் திட்டுகிறார்கள். ஆட்டக்காரர்களைத் தவறான விலைக்கு வாங்கியவர்களைத் திட்டுவோர் குறைவு.

கேள்வி: வீஏஆர் வந்த பிறகு இப்படிப்பட்ட சந்தேகங்கள் ஒழிந்துவிட்டனவா?

நடுவரின் முடிவைக் காணொளியில் சரிபார்க்கும் அந்த முறை சீரி ஆவில் 2017-18இல் வந்தது. அதே பருவம் 2018 ஏப்ரல் 28 அன்று இன்டரும் யுவென்டஸும் மோதின. இன்டரின் வெசினோவுக்கு முதலில் மஞ்சள் அட்டை. வீஏஆரைப் பார்த்த பிறகு அது சிவப்பாக மாறியது. இரண்டாம் பாதியில் நம் பியானிச், ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டையோடு, ரஃபின்யாவை மோதி வீழ்த்தினார். நடுவர் அட்டையை எடுக்கவில்லை. நாம் 3-2 என்று வென்றோம். பியானிச் வெளியேறியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்போதைய விதிப்படி இரண்டாவது மஞ்சள் அட்டை வீஏஆரின் வரம்புக்குள் வராது. திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவர் பார்த்திருந்தாலும் தலையிட்டிருக்க முடியாது. இன்டர் ரசிகர்கள் அந்த ஆட்டத்தை இன்றும் கால்ச்சோபோலியின் தொடர்ச்சியாகவே சொல்கிறார்கள்.